ஓய்வுக்குப் பின் துப்பாக்கிப் பட்டறை: திருகாணியில் தொடங்குங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. கணக்குத் துறையில் 35 ஆண்டுகள் பணியாற்றிச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். தாத்தா வழியாக வந்த 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று, முறையான உரிமத்துடன் என் பெயரில் இருக்கிறது. கட்டை கறுத்துவிட்டது, குழல்களில் அங்கங்கே துரு, விசையை இழுத்தால் விரல் வலிக்கிறது. அதை நானே பிரித்துச் சீர்செய்யக் கற்றுக்கொண்டு, பிறகு நண்பர்களின் துப்பாக்கிகளையும் பார்க்கலாம் என்று ஆசை. காணொளிகள் நிறையப் பார்த்துவிட்டேன். கடைசல் இயந்திரம் வாங்க வேண்டுமா? லேசாக நடுங்கும் கையோடு இந்த வயதில் இது முடியுமா? பட்டறை மேசை என்ன உயரத்தில் இருக்க வேண்டும்? பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீடு என்பதால் மனைவிக்குத் தயக்கம் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள ஐயா,

கடைசல் இயந்திரம் வேண்டாம். அதை வாங்கி வைத்தவர் அதற்கு வேலை தேடத் தொடங்கிவிடுவார். துப்பாக்கியில் அந்த இயந்திரத்துக்கு இருக்கும் வேலையோ பெரும்பாலும் குழலிலும் தோட்டா அறையிலும்தான், அதாவது புதிதாகக் கற்பவர் கை வைக்கவே கூடாத இடங்களில். ஓய்வுக்குப் பிறகு இந்தக் கைவேலையைக் கற்க வருபவர்களில் பலர் நேராக விசையிடம் போகிறார்கள். அவர்களை நான் திருகாணிக்குத் திருப்பி அனுப்புவது வழக்கம். உங்களையும் அங்கேதான் அனுப்பப் போகிறேன்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களிடம் இருப்பது துப்பாக்கியை வைத்திருப்பதற்கான உரிமம். தன் துப்பாக்கியைத் துடைப்பதும் கட்டைக்கு எண்ணெய் இடுவதும் பெரும்பாலான இடங்களில் உரிமையாளரின் பராமரிப்பாகவே கருதப்படும். பிறருடைய துப்பாக்கியை வாங்கி வைத்துப் பழுதுபார்ப்பது, சில நாடுகளில் கூலி வாங்காவிட்டாலும், தனி உரிமம் வேண்டும் தொழிலாகிவிடும். குழலைக் குறுக்குவதும் எண் பொறித்த பாகத்தில் கை வைப்பதும் பல நாடுகளில் குற்றம். நீங்கள் எதுவரை போகலாம் என்பதை உரிமம் வழங்கிய அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை நண்பர்களின் துப்பாக்கி உங்கள் மேசைக்கு வர வேண்டாம்.

உங்கள் மனைவியின் தயக்கம் நியாயமானது. அதைச் சமாதானப் பேச்சால் தீர்க்க முயலாதீர்கள், ஏற்பாட்டால் தீர்த்துவையுங்கள். தோட்டா ஒன்றுகூடப் பட்டறை அறைக்குள் வரக்கூடாது. அவை வேறு அறையில், வேறு பூட்டுக்குள் இருக்கட்டும். துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் திறந்து, இரண்டு அறைகளையும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டும் பார்க்க வேண்டும்; தேநீர் குடிக்கப் போய்விட்டு வந்தாலும் மறுபடி அதையே செய்ய வேண்டும். இயக்கத்தைச் சோதிக்க வெடிமருந்தில்லாப் போலித் தோட்டாக்கள் கிடைக்கின்றன. பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியை வெறுமையாக அடித்துப் பார்த்தால், தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி உடையக்கூடும் என்பதால் அவை எப்படியும் தேவைப்படும். பலரும் கவனிக்காத இன்னொன்று ஈயம். தோட்டாவின் அடியில், மருந்துக்குத் தீமூட்டும் சிறு மூடியான பிரைமரில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. ரவைகளும் பெரும்பாலும் ஈயமே. குழலைத் துடைத்த துணியில் அந்தத் தூள் ஒட்டியிருக்கும். அதனால் அந்த மேசையில் சாப்பிடக்கூடாது. தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை உடுப்போடு பேரக்குழந்தையைத் தூக்கக்கூடாது.

இனித் திருகாணிக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் நுனியைப் பக்கவாட்டில் பாருங்கள்; ஆப்பு போல, மேலே தடித்துக் கீழே மெலிந்திருக்கும். துப்பாக்கித் திருகாணியின் தலைப் பிளவோ நேரான சுவர்கள் கொண்டது. ஆப்பை அதில் வைத்தால் பிளவின் மேல் விளிம்பை மட்டும் அது தொடும். அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலே ஏறும். ஏறும்போது விளிம்பைப் பிய்த்துக்கொண்டு, போகிற போக்கில் பக்கத்தில் உள்ள செதுக்கு வேலையிலும் ஒரு கோடு கிழித்துவிடும். எங்கள் தொழிலில் திருப்புளியின் நுனி இணையான பக்கங்களோடு, பிளவின் அகலத்தையும் ஆழத்தையும் முழுவதுமாக நிரப்பும்படி தீட்டப்பட்டிருக்கும். கைப்பிடியை விட்டாலும் விழாமல் பிளவிலேயே நிற்க வேண்டும், அதுதான் சோதனை. துப்பாக்கி வேலைக்கென்று மாற்று நுனிகளோடு விற்கும் திருப்புளித் தொகுப்பு ஒன்றுதான் நீங்கள் யோசிக்காமல் பணம் செலவிட வேண்டிய பொருள். நான் தொழில் கற்ற முதல் மாதங்களில், அவசரத்தில் கைக்கு அகப்பட்ட திருப்புளியால் ஒரு வாடிக்கையாளரின் துப்பாக்கியில் அடித்தட்டுத் திருகாணியைச் சிதைத்தேன். அதை அரத்தால் சீராக்கி, பிளவை மறுபடி வெட்டி, நிறம் ஏற்றி முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. என் ஆசான் ஒரு சொல்லும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது அதைவிடக் கடினமாக இருந்தது.

திருகாணி அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி விட்டு, மறுநாள்வரை விட்டுவிட்டு, திருப்புளியைப் பிளவில் நிறுத்திச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்னும் ஒரு நாள் காத்திருங்கள். ஓய்வு பெற்றவருக்கு என் போன்ற தொழில்காரனைவிட இதில் ஒரு வசதி உண்டு. யாரும் வாசலில் நின்று துப்பாக்கியைக் கேட்கப்போவதில்லை.

வெளியே எடுத்த திருகாணி ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும். ஓர் அட்டையில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து, திருகாணி இருந்த இடத்தில் துளையிட்டு அங்கேயே குத்தி வையுங்கள். நல்ல பழைய துப்பாக்கிகளில் திருகாணிகளை முடுக்கி முடிக்கும்போது பிளவுகள் எல்லாம் குழலின் திசையிலேயே நேராக நிற்கும்படி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொருத்தியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்று போலிருக்கும் இரண்டை இடம் மாற்றினால் இரண்டுமே கோணலாக நிற்கும். கணக்கு எழுதிய கை உங்களுடையது என்பதால், எதை எப்போது எடுத்தோம் என்ற குறிப்பேட்டை நான் வற்புறுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு மாதங்களுக்குப் பிரிப்பது எதுவரை என்றால், குழல், முன்கட்டை, பின்கட்டை என்பதுவரைதான். உள்ளேயிருக்கும் பூட்டுப் பொறியை, அதாவது சுத்தியும் ஸ்பிரிங்கும் அடங்கிய பகுதியை, பிரிக்க வேண்டாம். பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகள் பலவற்றில் முதன்மை ஸ்பிரிங் சுருளாக இராது. ஆங்கில வி எழுத்து வடிவில் மடித்த எஃகுப் பட்டையாக இருக்கும். அதற்கென்று உள்ள கவ்வியால் பிடித்து அடக்காமல் எடுத்தால் அது உடையும், அல்லது முகத்துக்குப் பறக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எந்த ஸ்பிரிங் பக்கமும் போகாதீர்கள். சும்மா கிடக்கும் காற்றழுத்தத் துப்பாக்கியில் பழகலாம் என்று சிலர் சொல்வார்கள். அதனுள் அழுந்தி நிற்கும் நீண்ட சுருள் ஸ்பிரிங்கை முறையான அழுத்துக் கருவி இல்லாமல் திறப்பதும் அபாயம்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கறுத்த கட்டை. அதுதான் உங்கள் பள்ளிக்கூடம். கட்டை ஏன் கறுக்கிறது தெரியுமா? குழலை மேல்நோக்கி நிறுத்திப் பல ஆண்டுகள் வைத்தால், குழலிலும் பொறியிலும் இட்ட எண்ணெய் மெல்ல இறங்கி, இரும்பும் மரமும் சேரும் இடத்தில் மரத்துக்குள் ஊறிவிடும். எண்ணெய் ஊறிய மரம் கறுத்து, மென்மையாகி, ஒவ்வொரு வெடிக்கும் பின்னோக்கி வரும் இடியைத் தாங்க முடியாமல் பிளக்கத் தொடங்கும். சுண்ணக்கட்டித் தூளைக் கரைப்பானில் குழைத்துப் பற்றுப் போட்டு உலரவிட்டால் தூள் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். உதிர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். ஐந்தாறு முறை ஆகலாம். இதைத் திறந்த வெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். இனிமேல் துப்பாக்கியைச் சுத்தம் செய்தவுடன் ஓரிரு நாள் குழல் வாய் கீழே இருக்குமாறு சாய்த்து வைத்தால் இந்தத் தொல்லை திரும்பாது.

கட்டையில் உள்ள பள்ளங்களைப் பார்த்தவுடன் உப்புத்தாளை எடுக்காதீர்கள். பள்ளம் என்பது நசுங்கிய நார். நார் அறுபடாமல் இருந்தால் மீண்டு எழும். ஈரத்துணியை மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில நொடிகள் தொடுங்கள். நீராவி நாருக்குள் புகுந்து அதை உப்பச் செய்யும். முதல் முறை இப்படி ஒரு பள்ளம் கண்ணெதிரே மேலெழுந்து மறைவதைப் பார்ப்பவர் அதற்குப் பிறகு இந்தப் பொழுதுபோக்கை விடமாட்டார். அறுபட்ட நார் எழாது. அதை அப்படியே விட்டுவிடுங்கள், தாத்தாவின் கைத்தடம் என்று வைத்துக்கொள்ளலாம். உப்புத்தாள் போடவேண்டிய இடத்திலும் தக்கையைச் சுற்றிப் பிடித்துத் தேயுங்கள். இரும்போடு மரம் சேரும் விளிம்பைத் தொடாதீர்கள். அங்கே அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலும் இரும்பு மரத்தைவிட உயர்ந்து நின்று, வாழ்நாள் முழுவதும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

பிறகு ஆளிவிதை எண்ணெய். ஒரு துளியை உள்ளங்கையில் எடுத்து, கை சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ உலரவிடுங்கள். அடுத்த துளி அதற்குப் பிறகுதான். இங்கே நான் குரலை உயர்த்த வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி இல்லாமலேயே அந்தத் துணி தீப்பற்றும். துணியைத் திறந்த வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் வீட்டுக்கு வரும் ஆபத்து என்றால் எல்லோரும் வெடியை நினைக்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது இந்தத் துணிதான்.

குழல்களின் வெளிப்புறத் துருவுக்கு நல்ல எண்ணெயும் மிக நுண்ணிய எஃகு நாரும் போதும். எண்ணெயை இட்டு ஓர் இரவு ஊறவிட்டு, அழுத்தாமல் தேய்த்துத் துடைத்தால் செந்துரு போய், மிஞ்சியிருக்கும் பழைய நிறம் தெரியும். பெரும்பாலானவர்கள் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். புதிதாகக் கருநீலம் ஏற்ற ஆசைப்பட்டால், சூடான காரத் தொட்டியில் முக்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள். இரட்டைக் குழல்கள் இரண்டும் நடுவில் உள்ள பட்டியோடு பெரும்பாலும் ஈயப் பற்றால் ஒட்டப்பட்டவை. ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசல் அந்தப் பற்றை அரிக்கும். பட்டிக்கு அடியில் புகுந்த உப்பு உள்ளிருந்தே குழலைத் தின்னும். இவற்றுக்கு உரியது மெதுவான துருமுறை. மெல்லிய அமிலக் கரைசலைப் பூசி வேண்டுமென்றே துருவேற விட்டு, தூய நீரில் கொதிக்க வைத்தால் செந்துரு கறுத்த ஆக்சைடாக மாறும். அதை மென்மையாகத் துலக்கிவிட்டு மறுபடி துருவேற்ற வேண்டும். இப்படிப் பல சுற்றுகள். முதலில் ஓர் உதவாத இரும்புத் துண்டில் பழகுங்கள். ஒரு விரல் ரேகைப் பிசுக்கு பட்டாலும் அந்த இடம் நிறமேறாது என்பதை அந்தத் துண்டே கற்றுக்கொடுத்துவிடும்.

குழலின் உட்புறத்தை மட்டும் தேய்க்க நினைக்காதீர்கள். பித்தளைத் தூரிகையாலும் துணியாலும், முடிந்தவரை தோட்டா அறைப் பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யுங்கள். உள்ளே குழிகள் தெரிந்தால் தேர்ந்த பழுதுபார்ப்பாளரிடம் கொண்டுபோய்க் குழல் சுவரின் தடிப்பை அளக்கச் சொல்ல வேண்டும். துருவைப் போக்குகிறேன் என்று உலோகத்தைக் குறைத்தால், குறைவது வெடியின் அழுத்தத்தைத் தாங்கி, குழலுக்கு அடியில் பிடித்திருக்கும் உங்கள் இடது கையைக் காக்கும் சுவர்.

இந்தத் துப்பாக்கியைச் சுடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அழகாக்கி முடித்தவுடன் அந்த ஆசை வரும். குழல்களைக் கழற்றி அவற்றின் அடிப்பகுதியைப் பாருங்கள். சிறு சிறு முத்திரைகள் இருக்கும். குழலை வழக்கத்தைவிட மிகுதியான மருந்திட்டு வெடித்துச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் பழையது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் கழகத்துக்கு 1637இல் அரசப் பட்டயம் கிடைத்தது. பர்மிங்காமின் சோதனைச் சாலை 1813இல் சட்டப்படி அமைந்தது. எந்த வகை மருந்துக்கு, எந்த நீளத் தோட்டாவுக்கு உங்கள் குழல் சோதிக்கப்பட்டது என்பதை முத்திரை படிக்கத் தெரிந்தவர் சொல்லிவிடுவார். பிரான்சில் பால் வியெய் என்ற வேதியியலாளர் 1884இல் புகையில்லா மருந்தை உருவாக்குவதற்கு முன் பெரும்பாலும் கருமருந்துதான். அந்தக் காலத்தில், இரும்பும் எஃகுமான பட்டைகளை முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்துச் செய்த குழல்களில் அலையலையான கோலம் தெரியும். உங்கள் குழலில் துரு நீங்கியபின் அப்படி ஒரு கோலம் தெரிந்தால், அதை ரசியுங்கள். இன்றைய தோட்டாவை அதில் போடாதீர்கள்.

தோட்டாவின் நீளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பெட்டியில் 70 மி.மீ. என்று எழுதியிருப்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடுமுன், வாய் மடித்த நிலையில், அது 60 மி.மீ.க்கும் குறைவாகவே இருக்கும். அதனால் 65 மி.மீ. அறை கொண்ட பழைய துப்பாக்கியில் அது தடையில்லாமல் உள்ளே போய்விடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குறுகலான பகுதிக்குள் நீண்டு, அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதே என்பது இங்கே சான்றாகாது.

விசை கடினமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் பத்து இருபது ஆண்டுகளாக உறைந்து பிசினான பழைய எண்ணெயே இதற்குப் பாதிக் காரணமாக இருக்கும். பொறியைத் தொழில்காரர் ஒருவர் ஒருமுறை பிரித்துக் கழுவினாலே விரல் வலி குறையக்கூடும். அதையும் மீறிக் கடினமாக இருந்தால் அவரே சரிசெய்யட்டும். இரட்டைக் குழல் துப்பாக்கியின் விசை ஒன்றரை முதல் இரண்டு கிலோ இழுப்பில் விடுபடுவது இயல்பு, அது குறையல்ல. சுத்தியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை நாங்கள் சியர் என்போம். அதன் விளிம்பு மேலே மட்டும், ஒரு மெல்லிய தோல் அளவுக்கே, கடினப்படுத்தப்பட்டிருப்பது வழக்கம். காணொளியில் காட்டுவதுபோல் அதைச் சாணைக்கல்லில் நான்கு இழுப்பு இழுத்தால் அந்தத் தோல் போய்விடும். அன்று விசை வெண்ணெய்போல் இருக்கும், கீழுள்ள மென்மையான இரும்பு தேயத் தேய, ஒரு நாள் துப்பாக்கியை மூடும்போதே வெடிக்கும். சேஃப்டி போட்டிருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பல இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் அது விசையை மட்டும்தான் தடுக்கிறது, கொக்கியைத் தடுப்பதில்லை. இந்த ஒரு வேலையை நீங்கள் எத்தனை ஆண்டு பழகினாலும் செய்யக்கூடாது என்பது என் கருத்து. சக தொழில்காரர்களில் சிலர் இது மிகையான கண்டிப்பு என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

காணொளிகளைப் பாருங்கள், தவறில்லை. உங்கள் துப்பாக்கியின் பாக விரிப்புப் படம் கிடைத்தால் அதையும் சுவரில் ஒட்டுங்கள். ஆனால் திருகாணி இளகும் கணத்தில் கையில் தெரியும் அந்தச் சிறு நெகிழ்வைக் காணொளி காட்டாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பாளர் ஒருவரிடம் வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் பெர்லாக் ஊரில் 1878 முதல் இந்தத் தொழிலுக்கென்று ஒரு பள்ளியே நடக்கிறது. முழுத் தொழிலையும் கற்க அங்கே ஆண்டுக்கணக்கில் ஆகிறது. நீங்கள் விரும்புவது அதில் ஒரு மூலை. அந்த மூலைக்கு ஒரு நல்ல ஆசானும் இரண்டு குளிர்காலமும் போதும்.

நடுங்கும் கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அரம் இரண்டு கையாலும் பிடிக்கப்படுவது. தள்ளுவது தோளும் உடம்பும். முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டால் திருப்புளியும் நிற்கும். வயதில் முதலில் நம்மைக் கைவிடுவது கண்தான். தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும், இடப்பக்கத்திலிருந்து விழும் நல்ல விளக்கொளியும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையின் உயரத்தை, அதில் பொருத்தும் வைஸை, அதாவது பொருளை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியை, வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். நிமிர்ந்து நின்று, கையை மடக்கி முஷ்டியைத் தாடையடியில் வைத்தால், முழங்கை வந்து நிற்கும் உயரத்தில் வைஸின் வாய் இருக்கட்டும். அரம் போடுவதற்கு அதுதான் சரி. திருகாணி வேலையையும் எண்ணெய் வேலையையும் அங்கே நின்றுகொண்டு செய்யாதீர்கள். அவற்றுக்குச் சாதாரணச் சாப்பாட்டு மேசையின் உயரத்தில் இன்னொரு சிறு மேசை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். மேசையின் மூன்று விளிம்புகளிலும் விரல் உயரத்துக்குச் சட்டம் அடித்து, நான்காவது விளிம்பில் ஒரு துணியைத் தொங்கவிட்டு அதன் மறுமுனையை மடியில் போட்டுக்கொண்டால், உருண்டு வரும் திருகாணி தரைக்குப் போகாமல் உங்கள் மடியிலேயே விழும்.